சேர்வைக்காரரின் அங்கி

எங்கள் தெருவுக்கு அசதி ஒரு துணி மூட்டையில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் நாங்கள் களைத்ததே இல்லை என்று சொல்ல வரவில்லை. வடபழனிக்குப் பின்னால், டிரஸ் கம்பெனிகளும், அங்கே வாடகைக்கு எடுத்த உடுப்பை மாட்டிக்கொண்டு சினிமாக் கும்பலில் நிற்கப் போகிற துணை நடிகர்களும் நெருக்கியடித்துக் குடியிருக்கிற சந்து எங்களுடையது. விடிகாலையில் வேனுக்குக் காத்திருந்து, வெயிலில் நின்று ராஜாவுக்கு ஜே போட்டு, பொட்டலச் சோறு தின்று, இருட்டியபின் வீடு திரும்புகிறவர்கள் களைக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் அது எங்கள் சொந்தக் களைப்பு, ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். மூட்டையில் வந்தது வேறு யாருடையதோ.

மூட்டையைக் கொண்டுவந்தவள் ரூபாவதி. மங்களா டிரஸ் கம்பெனியில் அவளுக்குத் துணி எடுக்கிற வேலை. தைப்பதும் வெட்டுவதும் அவள் பாடு அல்ல. எந்தக் காலத்து ஆளுக்கு எந்தத் துணி என்று பார்த்துக் கடை கடையாக ஏறி எடுத்து வருவது மட்டும்தான். வெகுகாலம் அது ஒரு வேலையாகவே இருக்கவில்லை. சோழன் என்றாலும் சாட்டின், பாண்டியன் என்றாலும் சாட்டின், எதிரி நாட்டான் என்றால் கறுப்பு சாட்டின், மந்திரிக்கு ஓரத்தில் ஒரு ஜிகினா லேஸ். கல்யாண பேண்டு வாசிப்பவர்களும் சக்கரவர்த்திகளும் ஒரே கடையில் துணி எடுத்த காலம் அது, யாரும் எதுவும் கேட்டதில்லை.

பிறகு இளம்பரிதி என்று ஒரு டைரக்டர் வந்தார். சின்ன வயசு, மெதுவான பேச்சு, தூங்கிப் பல நாள் ஆனது போன்ற கண்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் மருதங்குளம் பாளையம் என்று ஒரு சின்னப் பாளையம் வெள்ளைக்காரனை எதிர்த்து நின்று அழிந்துபோன கதையைத் தொடராக எடுக்கப் போகிறேன் என்றார். "மில் துணி ஒரு முழம்கூட என் கேமரா முன்னாடி வரக் கூடாதும்மா. அந்த ஜனங்க என்ன உடுத்தினாங்களோ அதுதான் வேணும்" என்று ரூபாவதியிடம் சொல்லிவிட்டு, கேட்டது பெரிய விஷயம் என்றே தெரியாதவராகக் காபி குடித்துவிட்டுப் போனார்.

அவள் தேடப் புறப்பட்டாள். சௌகார்பேட்டையில் தேடினாள், சிந்தாதிரிப்பேட்டையில் தேடினாள், ரயிலேறி ஆந்திரா பக்கம் போய்த் தேடினாள், கரூரில் தேடினாள். போன கடையிலெல்லாம் எச்சில் தொட்டு விரலால் தேய்த்துக் கஞ்சியை எடுத்துப் பார்ப்பாள், கஞ்சி போனதும் துணி இளைத்துவிட்டால் வேண்டாம் என்பாள். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவாள். காகிதம் எரிந்த வாடையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி, பிளாஸ்டிக் வாடையும் கறுப்பாக ஒரு மணியும் திரண்டால் அதை அப்படியே தள்ளிவிடுவாள். நூல் ஒரே சீராக ஓடினாலும் வேண்டாம், கையால் நூற்றது அப்படி ஓடாது; அகலம் அதிகமானாலும் வேண்டாம், அந்தக் காலத்துத் தறிக்கு அத்தனை அகலம் கிடையாது; வெள்ளை பளிச்சென்று அடித்தாலும் வேண்டாம், நீலத்தைத் தேய்த்தால் கட்டைவிரலில் ஒட்டாவிட்டாலும் வேண்டாம், அவுரிச் சாயம் ஒட்டும். இப்படி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, கடைக்காரர்களின் வாயில் விழுந்து எழுந்து, கடைசியில் ஒருநாள் ஆட்டோ நிறைய மூட்டையோடு வந்து இறங்கினாள்.

அந்தத் துணியில் முதலில் தைத்தது காலாட்படைக்கு. இடுப்பு வேட்டியும் தலைத் துண்டும்தான், தைக்கக்கூட அதிகம் இல்லை. செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல்வெளியில் எங்கள் ஆட்கள் அதை உடுத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள். வெயில்கூட ஏறவில்லை, ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. கும்பலுக்கு ஆள் பிடித்துவருகிற ஏஜென்ட் பலராமன் கைலியை மடித்துக்கொண்டு ஓடிவந்து, "இன்னாங்கடா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி குந்திக்கினு கீறீங்க?" என்று கத்தினான். டீக்கடையைத் தாண்டி நடந்து யாரும் பார்த்திராத ஏகாம்பரம் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டபடியே, "கத்தாத பலராமா. ராவெல்லாம் நடந்து வந்துகீறோம். ஆத்தத் தாண்டி வந்தோம், தலைல மூட்டையோட" என்றார். மற்றவர்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். டைரக்டர் ஒரு கணம் பார்த்தார், கேமராவை ஓடவிடச் சொன்னார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு படையைப் பார்த்ததில்லையாம்.

விஷயம் அவ்வளவுதான். துணி சரியாக இருந்தால், அதை அந்தக் காலத்தில் உடுத்தியவனின் அசதி இப்போது உடுத்துகிறவன் மேல் வந்து இறங்கிவிடும். ஏன் இறங்குகிறது என்று எங்கள் தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, அதற்கெல்லாம் நேரம் இருக்கிறவர்கள் வேறு தெருவில் இருக்கிறார்கள். ஒரே ஒருமுறை மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்தோம். அவர் வேப்பிலையை வைத்துக்கொண்டு ஏகாம்பரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது ஆவி இல்லப்பா. ஆவின்னா ஏதாச்சும் கேக்கும். இது ஒண்ணுமே கேக்கல. காலை நீட்டிப் படுக்க வுட்டா போதும்" என்று சொல்லி, தட்சிணைகூட வாங்காமல் கொட்டாவி விட்டபடி பஸ் ஏறிவிட்டார்.

ஆகவே நாங்கள் அதோடு வாழக் கற்றுக்கொண்டோம். டீக்கடைக்காரர் வாசலில் ஒரு அண்டாவில் உப்புப் போட்ட வெந்நீர் வைத்தார், டீ வாங்கினால் காலை நனைத்துக்கொள்ளலாம். முனைக் கிளினிக் டாக்டரம்மா வருகிறவர்களிடம் எந்த இடத்து வலி என்று கேட்பதை நிறுத்திவிட்டு எந்தக் காலத்து வலி என்று கேட்க ஆரம்பித்தார், கேட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே மாத்திரையை எழுதினார். துணை நடிகர் சங்கத்தில் கூட்டம் போட்டு, சாட்டின் உடுத்துகிறவனுக்குச் சோற்றோடு ஒரு முட்டை என்றால் சரியான துணி உடுத்துகிறவனுக்குக் கூட ஒரு முட்டையும், திரும்பி வரும்போது வேனில் படுத்து வரப் பின்சீட்டும் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நெல் குத்துகிற பெண்ணாக நின்றுவிட்டு வந்த கோமதி, அந்தச் சேலையோடே பட்டப்பகலில் மாமியார் எதிரில் பாயை விரித்துப் படுத்தாள். மாமியார் வாயைத் திறக்கும் முன்னே, "நான் தூங்கலத்தே, அவ தூங்குறா, பாவம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப்பின் அந்தச் சேலைக்குத் தெருவிலுள்ள அத்தனை மருமகள்களும் முறை போட்டார்கள்.

வார்டு கவுன்சிலர் ஒருவர் ஆசைப்பட்டுப் பாளையக்காரரின் மேலங்கியையே வாடகைக்கு எடுத்துப் பிறந்தநாள் ஊர்வலத்தில் உடுத்திக்கொண்டார். திறந்த ஜீப்பில் பாதி வழிகூடப் போயிருக்கமாட்டார், அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். பிரியாணி வந்ததும் முதலில் யாராவது ஒருவன் தின்று காட்டட்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். பதவியில் இருக்கிறவனின் களைப்பு இப்படித்தான் இருக்கும்போல என்று நாங்கள் சிரித்தோம், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் எல்லாமே சிரிப்பாக இருந்துவிடவில்லை. ஈட்டி பாய்ந்து விழுகிறவனாக நடித்த சம்பத்துக்கு, காயம் என்று ஒரு கீறல்கூட இல்லாமல், வலது தோள் மேலே தூக்க வராமல் போயிற்று. இன்றுவரை இடது கையால்தான் தலை வாருகிறான். பஞ்சத்தில் சாகிறவளாகப் படுத்த தெய்வானைக்கு எவ்வளவு தின்றாலும் வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. சோற்றுப் பானையின் எதிரில் உட்கார்ந்து அழுவாள், அவளைப் பார்த்து அவள் பிள்ளைகள் அழும். சாவுக்குப் பக்கத்தில் போகப் போக வருவது வெறும் அசதி இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் துரைக்கண்ணுவுக்கு அந்த வேஷம் வந்தது. துரைக்கண்ணு ரூபாவதியின் புருஷன். இளவயதில் கும்பலில் சேர்ந்து நரை தட்டும்வரை அவர் செய்ததெல்லாம் சாவது மட்டும்தான். குதிரையிலிருந்து விழுந்து சாவார், கோட்டைப் படியில் உருண்டு சாவார், கதாநாயகன் வாளைச் சுழற்றினால் முதலில் விழுகிற ஆள் அவராகத்தான் இருப்பார். எந்தப் படத்திலும் அவர் முகம் வந்ததில்லை. தெருவில் எல்லோரும் அவரைச் சாவுக்கண்ணு என்றே கூப்பிட்டோம், அவரும் இன்னாபா என்று திரும்பிப் பார்ப்பார். இத்தனை வருஷம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், இப்போது நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இளம்பரிதி ஒருநாள் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே வந்து அவர் எதிரில் நின்றுவிட்டார். "ஐயா, சட்டையக் கழட்டிட்டு நில்லுங்க" என்றார். கழுத்தையும் தோளையும் பார்த்தார், முகத்தை வெகுநேரம் பார்த்தார். "நீங்கதான் சேர்வைக்காரர்" என்றார்.

சேர்வைக்காரர் மருதங்குளத்துப் படைத்தலைவர். பாளையக்காரரின் குழந்தையை எங்கே ஒளித்துவைத்தீர்கள் என்று வெள்ளைக்காரன் கேட்டுக் கேட்டுப் பார்க்கிறான், அவர் வாயைத் திறக்கவில்லை, இலுப்பை மரத்தில் தூக்கிலிடுகிறான். வசனம் கிடையாது. ஆனால் கயிறு இறுகுவதற்கு முன்னால் ஒரு நீண்ட ஷாட், அதில் திரை முழுக்க அவர் முகம் மட்டும்தான்.

அன்று துரைக்கண்ணு தெருவுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். நாங்கள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டோம், போட்டுக்கொண்டே அவர் கழுத்தைப் பார்த்தோம். சம்பத் இடது கையை நீட்டி இனிப்பை வாங்கினான். கோமதிதான் கேட்டாள், "அண்ணே, கழுத்துக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று.

"இன்னா ஆவும்? கொஞ்சம் வலிக்கும். தைலம் போட்டுக்கினா சரியாப் பூடும்" என்றார் துரைக்கண்ணு. "மூஞ்சி தெரியப் போவுதுமா. அத வுட்டுட்டு கழுத்தப் பத்திப் பேசிக்கினு."

சேர்வைக்காரரின் அங்கிக்குத் துணி எடுக்க வேண்டியவள் ரூபாவதிதான்.

சரியான துணி கிடைத்துத் தொலைக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டே தேடினாள், வேண்டிக்கொண்டதாலோ என்னவோ சீக்கிரமே கிடைத்துவிட்டது. வெளுக்காத கோரா, நூல் அங்கங்கே தடித்து, லேசாக மண் நிறம் ஓடி, கஞ்சி போனபின்னும் கனம் குறையாத துணி. எங்கள் டிரஸ் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. கதையில் சாகிற ஆளுக்கு எடுத்த துணியை, கத்தரி படும் முன்னால், எடுத்தவள் ஒருமுறை தன் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் துணியை முதலில் உடுத்தியது சாகப் போகிறவன் என்று ஆகிவிடக் கூடாது, அதற்குத்தான். சாட்டின் காலத்தில் அது ஒரு சடங்கு, தோளில் தட்டிவிட்டுத் தூக்கி மாஸ்டரிடம் எறிந்துவிடுவார்கள்.

ரூபாவதி கம்பெனியின் பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கோராவைத் தோளில் போட்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பாதம் இரண்டும் கனத்தன, கட்டிவைத்த கை மரத்துப்போவது தெரிந்தது, எங்கோ கும்பல் முணுமுணுப்பது கேட்டது. பிறகு கழுத்தில் அது வந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை, கூப்பிட வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கீழே விழுந்ததில் துணி தோளிலிருந்து நழுவியது, அதனால் பிழைத்தாள். பல நாள் வரைக்கும் தொண்டை கட்டியே இருந்தது, கேட்டவர்களுக்குச் சளி என்று சொன்னாள்.

புருஷனிடம் அவள் கெஞ்சிப் பார்க்கவில்லை என்று இல்லை. "இந்த வேஷம் வேணாய்யா. வேற யாரனா செய்யட்டும்" என்றாள்.

"எது வேணாம்? மூஞ்சி வேணாமா?" என்று மட்டும் கேட்டார் அவர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

வேஷத்தைத் தடுக்க முடியாது என்றால் துணியையாவது மாற்றலாம் என்று அவள் முடிவு செய்தாள். நடிப்பு கெட்டால் கெட்டுப் போகட்டும், டைரக்டர் திட்டினால் திட்டட்டும், ஆள் மிஞ்சினால் போதும். புரசைவாக்கத்தில் ஒரு கட்பீஸ் குவியலில் கையை விட்டு, பார்வைக்குக் கோரா மாதிரியே நூல் தடித்து ஓடுகிற ஒரு மிக்ஸ் துணியை உருவினாள். பாதிக்குமேல் பாலியஸ்டர். தீக்குச்சி காட்டினாள், கறுப்பு மணி திரண்டது, அதைப் பார்த்து வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டாள். டீத்தூள் கொதிக்கவைத்து ஊறப்போட்டாள், பாலியஸ்டர் சாயம் குடிக்காது என்பதால் திரும்பத் திரும்ப ஊறப்போட்டாள், செங்கல்லால் தேய்த்தாள், சோடா போட்டு அடித்துத் துவைத்தாள், வெயிலிலும் புழுதியிலும் போட்டுப் புரட்டினாள். கடைசியில் கேமராவை ஏமாற்றுகிற அளவுக்கு அது வந்துவிட்டது.

வழக்கத்தை விடாமல் அதையும் தோளில் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பாதம் கொஞ்சம் கனத்தது, இடுப்பு கடுத்தது, படுத்துவிட்டால் தேவலை என்று இருந்தது; ஆனால் அது அவளுடைய அசதி, எப்போதும் இருப்பதுதான், அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தத் துணிக்குள் யாருமே இல்லை என்று நிம்மதியாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டிங் மாஸ்டர் மஸ்தான் பாய் துணியில் கத்தரியை வைத்தார், இரண்டு வெட்டு வெட்டினார், நிறுத்திவிட்டார். "ரூபாம்மா, கத்தரி ரொம்ப சுலபமா போவுதே" என்றார்.

"போனா போவட்டும் பாய். வெட்டுங்க."

மஸ்தான் பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். துரைக்கண்ணுவும் அவரும் ஒரே டீக்கடையில் ஒரே கிளாஸில் பாதிப் பாதி குடிக்கிறவர்கள். "எனக்கு வர வர கண்ணு சரியாத் தெரியறதில்லம்மா" என்று சொல்லிவிட்டு மீதியையும் வெட்டினார்.

படப்பிடிப்பு அன்று உச்சிவெயில். இலுப்பை மரத்தைச் சுற்றி எங்கள் தெருவே நின்றது, எல்லோர் உடம்பிலும் சரியான துணி. தோற்றுப்போன ஊரின் அசதி எங்கள் மேல் இறங்கியிருந்தது. அந்த அசதியில் அழுகைகூட வராது, கண் எரியும், அவ்வளவுதான். ரூபாவதி அங்கியின் நாடாக்களைப் புருஷனுக்குக் கட்டிவிட்டாள்.

"ஒண்ணும் தெரியலயே ரூபா. இன்னும் வரலயே" என்றார் அவர் கவலையாக.

"வரும். மெதுவா வரும்" என்று அவள் பொய் சொன்னாள். சொல்லிவிட்டு டிரஸ் வேன் பக்கம் போய், ஊக்கு டப்பாவைக் கையில் இறுக்கிக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். கயிறு நிஜக் கயிறு இல்லை, அடியில் பலகையும் முதுகில் கொக்கியும் பாதுகாப்பாக இருக்கின்றன, துணியிலும் ஒன்றும் இல்லை. எல்லாம் தெரிந்தும் அவளால் பார்க்க முடியவில்லை.

நாங்கள் பார்த்தோம். துரைக்கண்ணு பலகையில் ஏறி நின்றார். கயிற்றை மாட்டினார்கள். அவர் எதற்கோ காத்திருக்கிறவராக நின்றார். காத்திருந்தார், காத்திருந்தார், பிறகு அது வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முகத்தில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பல்லைக் கடிக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. வெகுதூரம் வெகுநாள் எதையோ சுமந்து வந்தவன், இறக்கி வைக்க இடம் தேடி, இடம் இல்லை என்று தெரிந்துகொண்டு, சரி போகட்டும் என்று நின்றுவிட்ட முகம். டைரக்டர் கட் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். அழுகை வராத அசதியிலும் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், ஏகாம்பரம் அழுதார், வெள்ளைக்காரத் துரையாக நின்றிருந்த பாண்டிச்சேரிப் பையன்கூட தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதான்.

செத்ததாக நடித்தவன் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்தாக வேண்டும், அப்போதுதான் திருஷ்டி கழியும். துரைக்கண்ணு சிரித்தார், பூசணிக்காய் உடைத்தார்கள், எல்லோரும் கை தட்டினோம். இளம்பரிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக ரூபாவதியிடம் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அம்மா, அந்தத் துணிதாம்மா நடிச்சுது. ஐயாவ எனக்குத் தெரியும், நல்ல மனுஷன், விழச் சொன்னா விழுவார். ஆனா இது அவர் இல்ல. சேர்வைக்காரரே வந்து நின்னாரும்மா" என்றார். அவள் கையை உருவிக்கொண்டு அங்கியை மடிக்கப் போனாள். நாங்களும் அதையேதான் பேசிக்கொண்டு வேனில் திரும்பினோம், ரூபாவதி எடுத்ததிலேயே இதுதான் உச்சமான துணி என்று. கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தச் சேர்வைக்காரர் புண்ணியவான், வலியைக் கொடுக்காமல் அசதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு கட்டினோம். தைலம் வாங்கி வைத்திருந்த சம்பத் அதைத் தன் தோளுக்கே தடவிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம்வரை துரைக்கண்ணு தூங்கினார். எழுந்து வந்து அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தார். ரூபாவதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு வந்துட்டாருல்ல ரூபா" என்றார். "கோவமா வருவாருன்னு நெனச்சேன். வெள்ளக்காரனப் பாத்து மொறப்பாரு, மீசைய முறுக்குவாருன்னு. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அசந்து பூட்டாரு மனுசன். எத்தினியோ வாட்டி செத்து செத்து எழுந்தவரு மாதிரி இருந்துச்சு. எழுந்திரிக்கும்போது ஒரு நாதி தூக்கி வுட்டதில்ல. தானே எழுந்து, தானே மண்ணத் தட்டிக்கினு, திரும்பப் போயி வரிசைல நிக்கணும். அப்படி ஒரு அசதி."

கீரை உருவுகிற கை நின்றது.

"பாவம் அந்த மனுசன்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கடைசில பொண்டாட்டிய நெனச்சிக்கினாரு. அப்பக்கூட மூஞ்சி ஞாபகம் வரல அவருக்கு. முதுகுதான் வந்துச்சு. பாவம், அந்தம்மாவுக்கும் இன்னா வேலையோ. ரெண்டு பேருமா ஒரு ஊட்ல இருந்துக்கினு, இவரு மூஞ்சிய அவ பாக்கல, அவ மூஞ்சிய இவரு பாக்கல."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ரூபாவதி நினைத்தாள். சொன்னால் அவர் தாங்கமாட்டார், இரக்கப்பட ஒரு ஆள் வேறு எங்கோ இருப்பது அவருக்கு நல்லதுதான். மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தாள். ஆனால் அவர் அந்தச் சேர்வைக்காரருக்காக அழுதுகொண்டே இருந்தார், அதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது கோரா இல்லய்யா" என்றாள். "மிக்ஸு. புரசவாக்கத்துல எடுத்தேன். டீத்தூள் போட்டு நனைச்சேன். அதுல ஒருத்தரும் இல்ல."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அழுகை நின்றது. அவள் அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தாள், ஏன் ஏமாற்றினாய் என்று கேட்பார், இல்லாவிட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

"அப்ப அது யாரு?" என்றார்.

"நீதான்யா. உள்ள நீ ஒருத்தன்தான் இருந்த."

துரைக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார். "அப்ப," என்றார், "நடிச்சது நானா ரூபா?"

"நீதான்."

"டைரக்டர் அழுதாரே. அது என்னப் பாத்தா?"

"உன்னப் பாத்துதான்."

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது, சிரிப்பிலேயே கண்ணீரும் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளிய சொல்லிக்காத. சொன்னா உன் வேல பூடும். துணியாவே இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை என்பதுதான் ரூபாவதிக்குத் தாங்கவில்லை. முறத்தைத் தள்ளிவைத்தாள். "நான் பாக்கலய்யா. நேத்து வேன் பக்கம் திரும்பி நின்னுட்டேன்" என்றாள். "ஒரே ஒரு வாட்டி செஞ்சி காட்டு."

"இப்பவா? கைலியோடவா?"

"ம்."

துரைக்கண்ணு பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுப்படி நடுவில் நின்றார். ரூபாவதி அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்த பழைய தழும்பு எந்தக் கோட்டைப் படியில் விழுந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்டதும் இல்லை. போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பேசாத. பாரு" என்றார் அவர்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.